களத்துமேட்டில் அளந்துபோட்ட சுதந்திரம்

தை பிறந்தால் போதும், எல்லோருடைய ஃபோனிலும் ஒரு கிராமம் வந்து இறங்கிவிடுகிறது. வண்டிமாடு, வைக்கோல் போர், கம்பங்கூழ், கயிற்றுக் கட்டில். கீழே ஒரு வரி: "அந்த வாழ்க்கை இனி வருமா?" நம் பிள்ளைகளும் அதை ஸ்டேட்டஸாக வைக்கிறார்கள். காலனியில் பிறந்து, கள்ளக்குறிச்சியிலோ விழுப்புரத்திலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள்.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் குச்சியால் கிளறிப் பொறுக்கி, சருகைக் கூட்டிச் சுட்டுத் தின்ற வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு நாள் எங்க ஆயாவிடம், "அந்தக் காலம் நல்லா இருந்துச்சா ஆயா?" என்று கேட்டேன். "கூழு குடிச்சோம், திடமா இருந்தோம். இப்ப மாதிரி சக்கரை, பிரஷர் எதுவும் கிடையாது" என்றார். "அப்ப திரும்பிப் போவியா?" என்றேன். சட்டென்று முகம் மாறியது. "எதுக்கு? மறுபடியும் அவங்க வாசல்ல கையேந்தி நிக்கவா?"

இரண்டு பதிலும் உண்மைதான். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பதில்களைப் பற்றியது.

கிராமம் என்ற கதை

இந்தியக் கிராமத்தைப் பற்றிய இனிப்பான கதை ஸ்டேட்டஸில் தொடங்கியதல்ல. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்ற கம்பெனி அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று எழுதினார். அரச வம்சங்கள் வரும், போகும், கிராமம் மட்டும் அப்படியே நிற்கும் என்றார். வெள்ளைக்கார அதிகாரி எழுதியது பிறகு தேசியவாதிகளுக்கும் பிடித்துப்போயிற்று.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், இதே மெட்காஃபை எடுத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். கிராமங்கள் பிழைத்துக் கிடந்தன என்பதில் என்ன பெருமை, எந்த நிலையில் பிழைத்துக் கிடந்தன என்பதல்லவா கேள்வி என்று கேட்டார். கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் நிறைந்த இடமாகவே அவர் பார்த்தார். அரசியலமைப்பின் அடிப்படை அலகாகக் கிராமத்தை வைக்காமல் தனிமனிதரை வைத்ததற்காக மகிழ்கிறேன் என்றார். சபையில் பலருக்கு அது கசந்தது. அவர்கள் பார்த்த கிராமம் ஊர்த்தெரு. அம்பேத்கர் பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த தெரு.

நம் மாவட்டத்தில் அந்த வெளித்தெரு சின்னதல்ல. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் முன்பு விழுப்புரத்தோடும், 1993 வரை தென்னார்க்காட்டோடும் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்ட மக்களில் பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. தமிழகச் சராசரி 20. இத்தனை பேரை வெளியே வைத்துவிட்டு எழுதிய கிராமக் கதை பாதிக் கதைகூட இல்லை.

ஒரு நாள், ஒரு வருசம்

நம் தெருவின் பழைய நாள் எப்படி விடிந்தது? கோழி கூவும் முன்பே ஆண்பிள்ளை பண்ணைக்காரர் கொட்டகையில் இருக்க வேண்டும். மாட்டை அவிழ்த்துக் கட்டிச் சாணி அள்ளிவிட்டு, இருட்டோடு இருட்டாகக் கவலை ஓட்ட வேண்டும். மின் மோட்டார் வரும் வரை கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது மாட்டின் கழுத்தாலும் நம் ஆட்களின் காலாலும்தான். பொம்பளை வாசல் கூட்டி, கொட்டகை வழித்து, பிறகு நடவுக்கோ களைக்கோ போவாள். பையன் மாடு மேய்ப்பான். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்பது தூரத்தில் கேட்கும் மணிச் சத்தம்.

மதியக் கூழ் வயல் வரப்பில். பனை ஓலையிலோ கொட்டாங்கச்சியிலோ, இல்லையென்றால் ஏந்திய கையிலோ ஊற்றுவார்கள். ஊற்றுகிற கை உயரத்தில் இருக்கும், வாங்குகிற கை தாழ்ந்திருக்கும். சாயங்காலம் கூலியாக வருகிற கம்பையோ கேழ்வரகையோ குத்தி, அரைத்து, களி கிண்டும்போது இரவாகிவிடும்.

இதே வாழ்க்கைக்குள் ஒரு பெரிய அறிவும் இருந்தது. எந்த வரப்பில் நண்டு இருக்கும், மழை விட்ட எத்தனையாவது நாள் நத்தை வெளியே வரும், எந்தக் கீரை எந்தக் கொல்லையில் தானாக முளைக்கும், எலி வளையில் எவ்வளவு நெல் சேர்ந்திருக்கும் என்று வளை வாயைப் பார்த்தே சொல்வார்கள். எந்த நிலத்துக்கு எந்த விதை என்று பண்ணைக்காரருக்குத் தெரிந்ததைவிடப் பண்ணையாளுக்கு அதிகம் தெரியும். நடவில் பாட்டு உண்டு, கூத்தில் வேசம் கட்டியவர்கள் உண்டு, பறையின் அடி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இதெல்லாம் நம் சொத்து. நிலம்தான் நம்முடையதாக இல்லை.

வருசத்தின் உச்சம் களத்துமேடு. கதிரடித்து, தூற்றி, பொலி குவிந்த பிறகு பங்கு அளப்பார்கள். தச்சன், கொல்லன், வண்ணார், நாவிதர், வெட்டியான், தோட்டி என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை மரக்கால், இத்தனை படி. பழைய சென்னை மாகாண வருவாய் ஆவணங்களைப் புரட்டினால், களத்தில் பிரித்துத் தந்த இந்தப் பங்குக்கு ஒரு பெயர் இருப்பதைப் பார்க்கலாம்: சுதந்திரம்.

ஆம், அதே சொல்தான். வழிவழியாக ஒருவருக்குச் சேர வேண்டிய பாத்தியதை என்பது அதன் பொருள். மிராசுதாரரின் சுதந்திரமும் உண்டு, ஊர் ஊழியரின் சுதந்திரமும் உண்டு. முதலாமவருடையது நிலத்தின் மேல் இருந்தது. நம்முடையது பிணம் எரித்ததற்கும், சாவுச் சேதி சொன்னதற்கும், செத்த மாட்டை இழுத்துப் போட்டதற்கும் கிடைத்த படி நெல். கருக்காயும் மண்ணும் கலந்த களத்து அடிநெல்லைக் கூட்டி எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. உரிமை என்று அதைச் சொன்னார்கள். வேண்டாம், இந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் அதில் சேரவில்லை.

கல்யாணக் கடன்

சட்டப்படி பார்த்தால் இந்தியாவில் அடிமைமுறை 1843இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டின் 5ஆம் சட்டம், மனிதர் மேல் மனிதர் கொண்டாடும் உடைமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. தென்னார்க்காட்டில் அதன் பிறகு நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு ஊர் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் உள்ள இருவேல்பட்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராயச் செய்து, 1918இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒன்று இருவேல்பட்டு. 1916இல் பல்கலைக்கழகம் வரை போக முடிந்த மாணவர் எந்தத் தெருவிலிருந்து போயிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த அறிக்கை உண்மையை மறைக்கவில்லை. அங்கிருந்த படியாட்கள் கடனால் பரம்பரையாகக் கட்டுண்ட ஒருவகை அடிமைகள் என்றே அது விவரிக்கிறது. கடன் எதற்கு வாங்கினார்கள்? பெரும்பாலும் கல்யாணத்துக்கு. வாங்கிய கடன் அடைவதே இல்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. நிலம் கை மாறினால் நிலத்தோடு படியாளும் கை மாறினான்.

1843இல் மனிதரை விற்கக் கூடாது என்றார்கள். 1916இல் விற்றது கடன் பத்திரத்தை. அதன் பின்னால் மனிதர் நடந்து போனார்.

நம்முடைய தாத்தாக்களின் கல்யாணக் கதைகளை நாம் சிரித்துக்கொண்டே கேட்டிருப்போம். பந்தல், மேளம், ஒரு வேளை நெல்லுச்சோறு. அந்த ஒரு வேளை நெல்லுச்சோற்றின் விலை சில வீடுகளில் மூன்று தலைமுறை.

விடுதலைக்குப் பிறகும் சட்டங்கள் நம் பக்கம் வரத் தாமதித்தன. 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சாவூருக்கு மட்டும். அங்கே செங்கொடி இயக்கம் இருந்தது, அரசு பயந்தது. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு வந்த 1969ஆம் ஆண்டின் நியாயக் கூலிச் சட்டமும் முதலில் கீழைத் தஞ்சைக்குத்தான். தென்னார்க்காட்டின் படியாளுக்கு ஒரு சட்டம் வந்தது என்றால் அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் சட்டமானது.

நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் நம் மக்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் அரசாணை பிறந்தது. அதன்படி ஒதுக்கியவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை உங்கள் ஊர்ப் புல எண்களே சொல்லும். ஏக்கத்தோடு பார்க்கும் அந்தப் பச்சை வயல்களில் ஒன்றிரண்டு உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரில் இருந்திருக்கலாம்.

மலையின் கணக்கு

இந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் மலையில் பிறக்கின்றன. மலைமேல் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தோடு தொடர்பில்லாத பெயர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்கிறது.

அவர்களுடைய பழைய வாழ்க்கையும் இன்று ஏக்கத்தோடு பேசப்படுகிறது. ஏரால் உழுவது உழவுக்காடு. சரிவில் கொத்தி விதைப்பது புனக்காடு. சாமை, தினை, கேழ்வரகு, ஊடே அவரையும் துவரையும். காட்டில் கடுக்காய், புளி, தேன். இன்று நகரத்துக் கடையில் பளபளப்பான பாக்கெட்டில் விற்கும் சாமையும் தினையும் அவர்களுக்கு அன்றாடச் சோறு.

பெயர் மலையை ஆள்பவர் என்றாலும், மலையை ஆண்டது அவர்கள் அல்ல. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது செவிவழிக் கதை. புனம் கொத்தினாலும் ஏர் பூட்டினாலும் ஜாகீருக்கு வரி. ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லா வேலை. சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் மலையின் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976இல். நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமவெளியின் படியாளுக்குக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976. மலையின் குடிக்கு ஜாகீர் ஒழிப்பு 1976. சேரியும் மலையும் ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே ஆண்டில் காகிதத்தில் விடுதலை பெற்றிருக்கின்றன. அப்போது பிறந்தவர்களுக்கு இன்னும் அறுபது வயதுகூட ஆகவில்லை. நாம் "அந்தக் காலம்" என்று சொல்வது அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

அதன் பிறகு மலையில் சாமை இருந்த சரிவுகளுக்கு மரவள்ளி ஏறியது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது, விலையைக் கீழே இருப்பவர்கள் சொல்கிறார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் இருந்தும் பட்டாவுக்கும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் காத்திருக்கும் ஊர்கள் உண்டு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது.

ஊரை விட்டுப் போனவர்கள்

பழைய கிராமத்தை உடைத்தவர்கள் யார் என்று கேட்டால், ஊரை விட்டுப் போனவர்கள் என்பேன். 1860இல் நேட்டாலுக்குப் போன முதல் கப்பலிலிருந்து, மொரீசியஸ், பர்மா, மலேயா, இலங்கைத் தோட்டங்கள் வரை தமிழ் மாவட்டங்களின் உழைப்பாளிகள் போனார்கள். ஆற்காட்டு மாவட்டங்கள் அதில் முன்வரிசை. அங்கும் கங்காணியும் சாட்டையும் இருந்தன. ஆனாலும் கப்பலேறிய படியாளைத் தேடிப் பண்ணைக்காரர் கடல் தாண்ட முடியவில்லை.

பிறகு பெங்களூர், சென்னை, கேரளம், கட்டட வேலை, கரும்பு வெட்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் வந்தன. மின் மோட்டார் வந்து கவலையை நிறுத்தியது. 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றிப் பேசும்போது, "வேண்டாம்னா போங்க, எனக்கு ஏரி வேலை இருக்கு" என்று நம் பெண்கள் முதல்முறையாகச் சொன்னது அப்போதுதான்.

இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் 1937இலும் 1981இலும் 2008இலும் திரும்பிப் போனார்கள். 2008இல் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. வெளியே போய்ச் சம்பாதிப்பதும் அரசின் நலத்திட்டங்களும் கூலி மக்களுக்குப் பேரம் பேசும் வலுவைத் தந்திருந்தன. "இப்பல்லாம் ஆளே கிடைக்கல, எல்லாரும் சோம்பேறி ஆயிட்டான்" என்று ஊர்த்தெருவில் வரும் புலம்பலை இந்த இடத்தில் வைத்துக் கேளுங்கள். அவர்களுடைய ஏக்கத்தில் பாதி, அளந்துபோட்டதை வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஆளைப் பற்றியது.

இன்றைய ஊர்

அளப்பவர்கள் அளக்கும் கையை விட்டுவிடவில்லை. 2015 ஆகஸ்டு 15. சங்கராபுரம் வட்டம் சேஷசமுத்திரம். நம் மக்கள் தங்கள் மாரியம்மனுக்குத் தாங்களே செய்த தேரைப் பொதுப்பாதையில் இழுக்க வேண்டும் என்றார்கள். அன்றிரவு தேரும் வீடுகளும் எரிந்தன. நாள் எது என்று கவனியுங்கள். சுதந்திர தினம். உன் சுதந்திரம் நாங்கள் அளக்கும் மரக்கால் அளவுதான் என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

2023 ஜனவரி 2. சின்னசேலம் பக்கத்தில் எடுத்தவாய்நத்தம். ஊர்க் கோயிலுக்குள் நம் மக்கள் அதிகாரிகளும் போலீசும் உடன்வர நுழைந்தார்கள். தங்கள் ஊர்ச் சாமியைப் பார்க்க மாவட்ட நிர்வாகமே கூட வர வேண்டியிருந்தது.

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் மிகப் பலர் சுமை தூக்கியும் கூலிக்குப் போயும் பிழைத்தவர்கள், பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். அப்போதும் பேச்செல்லாம் குடித்தவனின் ஒழுக்கத்தைப் பற்றியே இருந்தது. நாள் முழுக்க மூட்டை தூக்கும் உடம்புக்கு என்ன வலி, அந்த வலியை வைத்து யார் சம்பாதித்தார்கள் என்பதைச் சிலரே கேட்டார்கள்.

ஏக்கத்தை என்ன செய்வது?

சிலர், "கிராமம் என்றாலே சாதி, அதைப் பற்றிய நினைவே வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படித் தூக்கியெறிந்தால் ஆயாவின் முதல் பதிலைத் தூக்கியெறிகிறோம். நண்டு வளையும் நடவுப் பாட்டும் கேழ்வரகு ரகமும் பறையின் அடியும் யாரும் நமக்கு அளந்துபோட்டவை அல்ல. நாமே உண்டாக்கியவை. அவற்றை விட்டுக்கொடுத்தால், நாளை அதே கம்பங்கூழை மண்பானைப் படம் போட்டு நமக்கே விற்பார்கள்.

வெறும் ஸ்டேட்டஸாக வைத்துவிட்டுப் போனாலோ, ஆயாவின் இரண்டாவது பதிலைப் புதைக்கிறோம்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சம்மதித்தால் ஃபோனில் பதிவு செய்யுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள், யார் கையால் வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்றும் கேளுங்கள். எந்தப் பாட்டுப் பாடினீர்கள், அது யார் நிலம்? கல்யாணத்துக்கு எவ்வளவு கடன், எத்தனை வருசம் உழைத்துக் கழித்தீர்கள்? கூலியை எந்தப் படியால் அளந்தார்கள், விற்கும்போதும் அதே படிதானா? கவலை ஓட்டுவதை எந்த வருசம் நிறுத்தினீர்கள்? ஊரில் செருப்புப் போட்டு முதலில் நடந்தவர் யார்? மலையில் இருக்கும் தோழர்கள் ஜாகீர் கால வேலையைப் பற்றி இதே போல் கேளுங்கள். 1976க்கு முன்பு வேலை செய்த கைகள் இன்னும் இருக்கின்றன. பத்து வருசம் கழித்துக் கேட்க முடியாது.

ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916இல் நம்மைப் பற்றி எழுதினார்கள். நாம் எழுத நூறு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போது நம் தெருவிலிருந்தே கல்லூரிக்குப் போகிறீர்கள். அந்த நோட்டை நீங்கள் எடுங்கள்.

எங்க ஆயா கடைசிவரை ஒரு பழக்கத்தை விடவில்லை. ரேஷன் கடையில் அரிசி வாங்கினாலும், வீட்டுக்கு வந்து தன் படியால் ஒருமுறை அளந்து பார்ப்பார். "கடைக்காரன் நல்லவன்தான் ஆயா" என்போம். "நல்லவனா இருக்கட்டும். அளக்குற படி நம்ம கிட்ட இருக்கணும்" என்பார்.